இரண்டு சுரங்களுக்கு நடுவே

சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். வயது 69. அவருடைய பதிவுகளை வரிசையாகக் கேட்பது என்று ஒரு பழக்கம் அதன்பின் ஏற்பட்டது. இரவில், தெருவில் விசைத்தறிகள் ஓய்ந்த பிறகு. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் நின்றால்தான் மற்றச் சத்தங்கள் காதுக்கு வரும். அந்த நேரத்தில் ஓர் ஆலாபனையின் முதல் சில நிமிடங்கள் போதும், பகலெல்லாம் தலைக்குள் சேர்ந்த இரைச்சல் தானாக இறங்கிவிடுகிறது. கேட்டுவிட்டு எழுதிவைத்தவை இவை. ஒருநாள் நீளமாக எழுத வந்தது, ஒருநாள் நாலு வரியோடு நின்றது. அப்படியே விட்டிருக்கிறேன்.

*

தென் கன்னடத்தில் பண்ட்வால் பக்கம் சஜிபமூட என்ற ஊர். 1949-ல் பிறந்தார். அப்பா தனியப்பா நாகஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்ததைப் பார்த்த பையனுக்கு, இனி இதுதான் என்று ஆகிவிட்டது. நாகஸ்வர வீட்டுப் பிள்ளை, கையில் பித்தளைக் கருவி. மங்களூர் கலாநிகேதனத்தில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம். கருவி முழுதாக வசப்பட ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின என்பார்கள்.

அந்த 20 ஆண்டுகளைத் தாண்டி என்னால் சட்டென்று போக முடியவில்லை. குரு பாடிக் காட்டுவார். அதைக் கருவியில் எங்கே தேடுவது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. வீணைக்கு விரல் பாடம் உண்டு, வயலினுக்கு உண்டு, நாகஸ்வரத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. கர்நாடக சங்கீதத்தில் சாக்ஸபோனுக்கு ஒன்றும் இல்லை. காலையில் குரு பாடிய ஒரு பிடியை, மாலை வரைக்கும் இந்தச் சாவியிலா, அந்த உதட்டழுத்தத்திலா, தொண்டையிலா என்று தேடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கச்சேரிக்கு வருகிறவர்கள் அந்தத் தேடலின் முடிவை மட்டும்தான் கேட்கிறார்கள்.

*

நாகஸ்வரமும் சாக்ஸபோனும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் கூம்பு வடிவக் குழல்கள். வாயருகே குறுகி, போகப் போக விரியும். இரண்டிலும் ஒலி பிறப்பது நாணல் வகைத் தட்டையில்தான். நாகஸ்வரத்தின் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. இரண்டு இதழ் சேர்ந்து துடிக்கும். சாக்ஸபோனின் ரீடு ஒற்றை இதழ். உடம்பு பித்தளையாக இருந்தாலும் தட்டையால் பேசுவதால் சாக்ஸபோனை மரக்குழல் கருவிகளோடுதான் சேர்ப்பார்கள். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டுகள்தான் அதை முதலில் பெரிய அளவில் எடுத்துக்கொண்டன.

பிரிவது விரலடியில். நாகஸ்வரத்தில் துளைமேல் நேரே விரலின் சதை படுகிறது. பாதி திறக்கலாம், கால்வாசி திறக்கலாம், விரலை உருட்டி எடுக்கலாம். அதோடு உதட்டழுத்தமும் மூச்சின் கனமும் சேர்ந்தால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாவி, ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஒரு பேடு. துளை திறக்கும், இல்லையென்றால் மூடும். பாதி என்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. சுரங்கள் தத்தம் இடத்தில் ஆடாமல் நிற்பதற்காகவே செய்த கருவி அது. ஊர்வலத்தில் பலர் ஒன்றாக வாசிக்க வேண்டும் அல்லவா?

நம் சங்கீதமோ நடுவெளியில்தான் வாழ்கிறது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால், அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழும் மேலும் அசைந்தபடியே இருக்கும். அசைவை எடுத்துவிட்டால் தோடி போய்விடும். சாவி போட்ட கருவியில் அந்த அசைவை எப்படிக் கொண்டுவருவது? கோபால்நாத் கருவியில் தனக்கேற்ற சில மாற்றங்கள் செய்துகொண்டார். ஆனால் பெரும்பகுதி வேலை உதட்டிலும் தாடையிலும் தொண்டையிலும் நடந்தது. உற்றுக் கேட்டால் ஒன்று புரிகிறது. விரல் ஒரு சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் அதைக் கொஞ்சம் இழுத்துப் பக்கத்தில் விடுகிறது. சாவியின் தீர்ப்பை மூச்சு ஏற்றுக்கொள்வதில்லை.

*

வெளியிலிருந்து வந்த கருவிக்குக் கரிசல் பூமி புதிதல்ல. வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். சென்னையில் ஆங்கிலேயர் பேண்டைக் கேட்டு வளர்ந்த குடும்பம் அது. அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில்தான் மறைந்தார். சமாதி அங்கே இருக்கிறது. இங்கிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே போனால் அதிக தூரமில்லை. பருத்தியும் கம்பும் விளைகிற காட்டுக்கு நடுவில், ஒரு ஜமீன் அரண்மனையில், ஐரோப்பியப் பிடிலில் நம் ராகம் பழகியது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாக்ஸபோனுக்கு அந்த இடம் இன்னும் வரவில்லை. வருமா என்று அவசரப்பட்டு எதுவும் சொல்ல மாட்டேன்.

*

பம்பாய் ஜாஸ் யாத்ரா, 1980. கோபால்நாத்தின் வாழ்க்கை திரும்பிய இடம். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி அவர் வாசித்ததைக் கேட்டு, சேர்ந்து வாசிக்க விரும்பினார். இருவரும் மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். ஹேண்டி சாதாரண ஆள் இல்லை. சார்ல்ஸ் மிங்கஸ் குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர். 1975-லேயே சரோத் மேதை அலி அக்பர் கானுடன் ஓர் இசைத்தட்டு பதிவு செய்தவர். நம் சங்கீதத்தின் பக்கம் ஏற்கெனவே காது வைத்திருந்தவர்.

ஒரே கருவி. ஒருவருக்கு அது ப்ளூஸிலிருந்து வந்தது, இன்னொருவருக்கு நாகஸ்வரத்திலிருந்து. முன்கூட்டி எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாசிக்கத் தெரிய வேண்டும் என்றால், இரண்டு மரபும் ஒரே காரியத்தைப் பழக்கியிருக்க வேண்டும். பக்கத்து ஆள் இப்போது எங்கே போகிறான் என்று கேட்டுக்கொண்டே வாசிக்கிற பழக்கம் அது. அந்த மேடைக்குப் பிறகு ஐரோப்பிய ஜாஸ் விழாக்களில் அவர் பெயர் வந்தது. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் மேடையில் வாசித்தார். ப்ராம்ஸில் வாசித்த முதல் கர்நாடக இசைக்கலைஞர் அவர்தான். 2004-ல் பத்மஸ்ரீ. பட்டங்களின் பட்டியல் நீளமானது, அதை எழுதிக்கொண்டு போக மனமில்லை.

*

முதல்முறை ஃப்ரீ ஜாஸ் கேட்கிற தமிழ்க் காது தடுமாறும். சுருதி எங்கே, தாளம் எங்கே, பாட்டு எங்கே என்று தேடும்.

ஆர்னெட் கோல்மன் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் 1930-ல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே இசைக் கோட்பாட்டைத் தானே படித்தார். பித்தளை வாங்கக் கட்டுப்படியாகாமல் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கினார். பிறகு அந்தச் சத்தமே பிடித்துப்போய் அதிலேயே பல ஆண்டுகள் வாசித்தார். 1960 டிசம்பர் 21 அன்று இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் வைத்து, ஏறக்குறைய 37 நிமிடம் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்தார். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற அந்தத் தட்டின் பெயர்தான் அந்த இசை வகைக்கே பெயராகிவிட்டது. 2007-ல் அவருக்கு புலிட்சர் விருது கிடைத்தது.

முன்பே ஒப்புக்கொண்ட கார்ட் வரிசை கிடையாது என்பதுதான் அந்த இசையின் முதல் நிபந்தனை. ஆலாபனை கேட்டு வளர்ந்தவருக்கு இதில் பாதி அந்நியம் இல்லை. ஆலாபனையிலும் தாளக்கட்டு இல்லை, சாகித்தியம் இல்லை, அடுத்த வாக்கியம் எது என்று வாசிப்பவருக்கே அந்தக் கணம்வரை தெரியாது. அந்நியமாக இருப்பது ராகம் என்ற எல்லை இல்லாததுதான். நாம் வேலி போட்ட காட்டுக்குள் இஷ்டம்போல நடக்கிறோம். அவர்கள் வேலியை எடுத்துவிட்டு, பக்கத்தில் நடக்கிறவரின் காலடியை வைத்து வழி பார்க்கிறார்கள்.

*

பாடகர் விளாத்திகுளம் சுவாமிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் இன்னமும் பேசுகிறார்கள். காடல்குடி ஜமீன் வம்சம். குருவிடம் முறையாக உட்கார்ந்து படித்தவர் என்று யாரும் சொல்வதில்லை. தானாகக் கேட்டு, தானாக வளர்த்துக்கொண்டவர். கரகரப்பிரியாவை எடுத்தால் விடமாட்டார் என்பார்கள். கீர்த்தனைகளைவிட ராகமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவரிடம் இசை பயின்றவர். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் அவரைப் பெரிதாக மதித்தவர்.

காருகுறிச்சியார் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-ல் மறைந்தபோது வயது 43 கூட நிறைந்திருக்குமோ என்னவோ. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டால் அவரை நாடே அறிந்தது. ஆனால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது திருவிழா ராத்திரிகளை. சாமி புறப்பாட்டில், ஒரு தெருமுனையில் நின்று, ஒரே ராகத்தை விடாமல் விரித்துக்கொண்டே போன ராத்திரிகள். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை. மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்டவர்கள். முன்திட்டமில்லாத இசையை மணிக்கணக்கில் கேட்கிற பொறுமை இந்த வறண்ட காட்டு ஜனங்களுக்கு இருந்தது. அதை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

*

திருச்சுழிக்கு ரயிலில் போனேன். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகிற பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே உழுதுபோட்ட கரிசல். குண்டாற்றில் மணல்தான் இருந்தது.

திருமேனிநாதர் கோயிலுக்கு அருகில், தெருவில் ஒரு பழைய வீடு. 1879 டிசம்பர் 30-ம் தேதி, திருவாதிரை தரிசன வேளையில், அங்கே வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. பின்னால் ரமண மகரிஷி. இந்த ஊரில் ஆரம்பப் படிப்பு, பிறகு திண்டுக்கல், பிறகு மதுரை. பதினாறு வயதில் மரணபயம் வந்து, அதை நேருக்கு நேர் பார்த்து, 1896-ல் திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போனவர். அந்த வீட்டுக்கூடத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைவில் ஓடியது ஒரு ஜாஸ் தட்டு. அதற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த ராமசாமி, ரமணருக்கு அருகில் சில காலம் இருந்தவர். பிறகு ரிஷிகேசம் போய், 1949-ல் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல ஆண்டுகள் பணி. 1966-ல் நியூயார்க் போனார். 1969-ல் உட்ஸ்டாக் இசைவிழாவை, லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் அமர்ந்து, ஆசி கூறித் தொடங்கிவைத்தவர் அவரே. அவரைத் தேடி வந்தவர்களில் ஒருவர் ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1967 ஜூலையில் கணவர், சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன், நாற்பது வயதில் இறந்துபோக, சின்னக் குழந்தைகளோடும் தூக்கமில்லாத ராத்திரிகளோடும் தனியாக நின்றவர். சச்சிதானந்தரிடம் அவருக்குப் பிடிமானம் கிடைத்தது. அந்த நன்றியில் ஒரு தட்டு செய்தார். 1971-ல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. பதிவு முடிந்த கையோடு, சுவாமியுடன் இந்தியாவுக்கும் புறப்பட்டு வந்தார்.

தட்டு தம்புராவோடு தொடங்குகிறது. அடியில் செசில் மெக்பீயின் பாஸ், ஒரே சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆலிஸ் ஹார்ப் வாசிக்கிறார். அதன் பிறகு சோப்ரானோ சாக்ஸபோன் வருகிறது. வாசிப்பவர் ஃபாரோ சாண்டர்ஸ். தம்புரா விரித்த சுருதிமேல் ஒரு சாக்ஸபோன் மெதுவாக இறங்கி நடக்கிறது. திருச்சுழியில் பிறந்த ஒருவரின் அருகாமை, ஒரு கொங்கு நாட்டு இளைஞரைத் தொட்டு, அவர் வழியாக நியூயார்க்கில் ஒரு கைம்பெண்ணைத் தொட்டு, அவர் அறையில் நின்ற ஒரு சாக்ஸபோன்காரரின் மூச்சை நிதானமாக்கியிருக்கிறது. நேரான வாரிசுரிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தூரமாகத் தெரியவில்லை.

*

சாண்டர்ஸ் எப்போதும் அவ்வளவு மெதுவாக வாசித்தவர் இல்லை.

அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில் 1940-ல் பிறந்தார். பெயர் ஃபாரல். அறுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் வந்தார். தங்க இடமில்லை. பசிக்கு ரத்தம் விற்றார். ஜாஸ் குழுத் தலைவர் சன் ரா அவரைத் தன் குழுவில் சேர்த்து, படுக்க இடமும் கொடுத்தார். 1965-ல் ஜான் கோல்ட்ரேன் கூப்பிட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஜூனில் பதிவான ‘அசென்ஷன்’ தட்டில் பதினொரு பேர் வாசிக்கிறார்கள், சாண்டர்ஸ் அலறுகிறார். அலறல் என்பது வசவு இல்லை, அங்கே நடப்பதற்கு வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மூச்சை அளவுக்கு மீறி ஊதும்போது ஒரு சுரம் பிளந்து அதற்குள்ளிருந்து இரண்டு மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். ரீடின் கரகரப்பு, தொண்டையின் உறுமல், எச்சிலின் ஈரம் எல்லாம் கேட்கும். கச்சேரிகளில் பல பேர் எழுந்து போனார்கள். பல பேர் அழுதார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். கோபால்நாத் கையில் கிடைத்தது சுரங்களை இறுக்கிப் பூட்டிய இயந்திரம். அவர் உதட்டால் அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி, இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கிற வெளிக்குப் போய்ச் சேர்ந்தார். மரபு அவரை அங்கே போகச் சொன்னது. கருவி போகவிடாமல் தடுத்தது. சாண்டர்ஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். கருவியின் சுரங்கள் அவருக்குப் போதவில்லை. பிளந்து, உடைத்து, மூச்சு மட்டும் மிஞ்சுகிற இடத்துக்கு வந்தார். அவரை அங்கே போகச் சொல்ல மரபு எதுவும் இல்லை. ஒருவர் பணிவால் வந்தார், ஒருவர் தாபத்தால் வந்தார். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் இருவரும் ஒரே நடுவெளியில் நிற்பது கேட்கிறது. சுதந்திர இசை என்று பெயர் வைத்ததால் ராகத்தை விட்டுவிடுவதுதான் சுதந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். கோபால்நாத்தின் ஒரு நல்ல காந்தாரத்தில் இருக்கிற சுதந்திரம், ‘அசென்ஷன்’ தட்டில் இருப்பதற்கு ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை.

மனமும் மூச்சும் ஒரே இடத்திலிருந்து எழுகின்றன என்பது ரமணர் சொல்லித்தந்தவற்றில் ஒன்று. அதை இசைக்காரர்களுக்காக அவர் சொல்லவில்லை. இருந்தாலும் காற்றுக் கருவி வாசிப்பவர்களை நினைக்காமல் என்னால் அதை நினைக்க முடிவதில்லை.

சாண்டர்ஸ் 2021-ல், எண்பது வயதில், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு ‘ப்ராமிஸஸ்’ என்ற தட்டு தந்தார். அதில் அலறல் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

*

நாகஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார்கள். ஒலி எங்கும் அறாது. மகுடி ஊதுகிறவர்களுக்கும் இது கைவந்தது. இப்போது சுருதிப்பெட்டி வந்து ஒத்துக்காரர் இல்லாமல் போனார்.

அதே மூச்சு முறையை வைத்து இங்கிலாந்தில் ஒருவர் வாழ்நாள் முழுவதற்குமான ஓர் இசையைக் கட்டியிருக்கிறார். எவன் பார்க்கர். 1944-ல் பிரிஸ்டலில் பிறந்தவர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கப் போய், கோல்ட்ரேனைக் கேட்டதன் விளைவாகப் படிப்பை விட்டவர். கிதார்காரர் டெரெக் பெய்லி, டிரம்மர் டோனி ஆக்ஸ்லி ஆகியோரோடு 1970-ல் இன்கஸ் என்ற சொந்தத் தட்டு நிறுவனம் தொடங்கினார். அந்த இசையை வெளியிட வேறு ஆள் கிடைப்பது அரிதான காலம். 1978-ல் ‘மொனோசெரோஸ்’ என்ற தனி சோப்ரானோ தட்டு. மூச்சு அறாமல் ஒலி ஓடுகிறது. மேலே ஒரு கீச்சு, கீழே ஒரு முனகல், நடுவில் ஏதோ ஒரு சுழற்சி. வாசிப்பவர் ஒருவர் என்று காது நம்ப மறுக்கிறது.

நம் ஒத்துக்காரர் ஒரே சுரத்தில் நின்றார், பார்க்கர் எல்லாச் சுரத்திலும் ஓடுகிறார். உடம்பு செய்கிற வேலை ஒன்றே. ஒருவருக்கு மேடை கிடைத்தது. மற்றவர் பின்வரிசையில் நின்று, பெயர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். இதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

*

ஆவணி, புரட்டாசியில் இந்தப் பக்கம் புழுதி விதைப்பு செய்வார்கள். மழை வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவது. மழை வந்த பிறகு விதைத்தால், கரிசல் சேறாகிக் கால் வைக்க முடியாது, பருவம் தப்பிவிடும். மழை எந்த நாள் வரும் என்று எவருக்கும் தெரியாது. விதை மட்டும் மண்ணுக்குள் தயாராக இருக்க வேண்டும்.

முன்திட்டமில்லாமல் வாசிப்பவர்களின் சாதகமும் இப்படித்தான் இருக்கிறது. எந்த மேடையில், யாரோடு, என்ன வரப்போகிறது என்று தெரியாது. கோபால்நாத்தின் 20 ஆண்டுகள், கோல்மன் லிஃப்டில் நின்றுகொண்டு படித்த புத்தகங்கள் எல்லாம் காய்ந்த மண்ணில் போட்டவை. பொய்த்த வருஷங்களும் இருந்திருக்கும். அவற்றை யாரும் எழுதுவதில்லை.

*

1994-ல் கே. பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. இசை ஏ.ஆர். ரஹ்மான், சாக்ஸபோன் கோபால்நாத். கச்சேரிப் பக்கமே போகாத வீடுகளுக்கு அவர் போய்ச் சேர்ந்தது அந்தப் படத்தால். அதில் கேட்கும் கல்யாணவசந்தத்தை இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட அடையாளம் கண்டுகொள்வார், ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும். ஏறும்போது ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் விட்டுவிட்டுத் தாவும், இறங்கும்போது எல்லாச் சுரத்தையும் தொட்டுக்கொண்டு வரும். தாவி ஏறி நடந்து இறங்குகிற அந்த அமைப்பு சாக்ஸபோனின் குரலுக்குப் பொருந்திப்போனது.

ஒரு படம் ஒருவரை இவ்வளவு தூரம் கொண்டுபோனதில் எனக்குச் சந்தோஷம்தான். அதோடு அவரை நிறுத்திவிட்டார்களே என்பதுதான் ஆதங்கம். காதல் சோகத்துக்கு சாக்ஸபோன் என்று பெயராகிவிட்டது. அவர் வாசித்த பைரவிகளும் காம்போதிகளும் அதே வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

*

வைகாசி முகூர்த்தம். கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டுப் படியில் பேண்டு செட் சாக்ஸபோன்காரர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. ரீடை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். ஊறியதும் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து நுனியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். ஊதுவாயில் வைத்து, திருகாணியை ஒரு பக்கம் முக்கால், ஒரு பக்கம் முழுசு என்று இறுக்கினார். ஒரு சாவி திறக்காமல் ஒட்டிக்கொண்டது. சட்டைப்பையிலிருந்து சிகரெட் தாள் ஒன்றை எடுத்து, பேடுக்கும் துளைக்கும் நடுவே நுழைத்து, சாவியை லேசாக அழுத்தி, தாளை உருவினார். ஈரம் தாளில் வட்டமாக வந்தது.

“வெயில்ல ரீடு வளையும் அண்ணாச்சி, மழையில பேடு ஒட்டும். ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம பொழப்பு” என்றார்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலை இருக்கும். ஆடியில் கோயில் கொடைகள். மார்கழியில் கருவி பெட்டிக்குள் போய்விடும். அவர் பட்டாசுக் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ போவார். அப்பா கிளாரினெட் வாசித்தவர். தாத்தா நாகஸ்வரம்.

ருத்ரேஷ் மஹந்தப்பா பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் வளர்ந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை, ஜாஸ் ஆல்ட்டோ வாசிப்பவர். இந்தியப் பாணி சாக்ஸபோன் என்ற பெயரில் வந்த கோபால்நாத் தட்டு ஒன்றை அவருடைய அண்ணன் விளையாட்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். கேட்டவருக்கு அது விளையாட்டாக இல்லை. பல ஆண்டுகள் கழித்துத் தேடி வந்து, சேர்ந்து வாசித்து, 2008-ல் ‘கின்ஸ்மென்’ என்று தட்டு போட்டார்கள். வயலினில் கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவலூர் ஸ்ரீஜி. இரண்டு ஆல்ட்டோ எதிரெதிரே.

செல்போனில் இருந்தது. ஒயரை நீட்டினேன். ஒரு காதில் அவர், ஒரு காதில் நான். மஹந்தப்பாவின் சுரங்கள் ஒவ்வொன்றும் நறுக்கென்று விழும். கோபால்நாத் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போவார். பேண்டுக்காரர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, தலையை ஆட்டவில்லை. விரல்கள் மட்டும் மடியில் இருந்த கருவியின் சாவிகள்மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

“ரெண்டு பேரும் ஒரே சாவியத்தான் அமுக்குறாக. பெரியவருக்கு மட்டும் சத்தம் சாவிக்குப் பக்கத்துல வருது. ஒதட்டுல செய்றாரு” என்றார். கொஞ்சம் கழித்து, “இந்த எடத்துல மூச்சு எங்க எடுத்தாருன்னு தெரியல. பின்னால தள்ளி வைங்க, திரும்பக் கேப்போம்” என்றார்.

தள்ளி வைத்தேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளை அழைப்புக்குக் கூப்பிட்டார்கள். “ஒரு நிமிசம் வர்றேன்னு சொல்லு” என்று டிரம் அடிக்கிற பையனிடம் சொல்லிவிட்டு, ஒயரின் இன்னொரு முனையையும் வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.